பங்குனிப் பௌர்ணமிக்கு லிவிங்ஸ்டன் போனோம்

ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும், பெட்டியைத் திறந்து முறுக்கை எடுத்து வைக்கும்போதே ஒரு கேள்வி வந்துவிடும்: "விக்டோரியா அருவி இங்கேதானே இருக்கு?" இதே நாட்டில்தான் இருக்கிறது. ஆனால் லுசாகாவிலிருந்து அருவிக்குப் பக்கத்து ஊரான லிவிங்ஸ்டன் ஏறத்தாழ 480 கிலோமீட்டர், சாலையில் ஏழு மணி நேரம். சென்னையில் இருப்பவர் சனி ஞாயிறில் காரெடுத்து மதுரை போய் வருவது போல. போக முடியும். எந்த வார இறுதியில் போகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு முறை தப்பான மாதத்தில் போய் வந்த பிறகே எனக்கு அது புரிந்தது.

2024 அக்டோபரில் என் தம்பி வந்திருந்தான். அவனுடைய லீவு நாட்களை வைத்துப் பயணத் தேதியைக் குறித்தோம். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று யாரையும் கேட்கவில்லை. அந்த வருடம் ஜாம்பியாவில் கடும் வறட்சி. பிப்ரவரியிலேயே அரசு அதைத் தேசியப் பேரிடர் என்று அறிவித்திருந்தது. மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின் நிலையங்களிலிருந்து வரும் நாடு என்பதால் வீட்டில் கரண்ட் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரமே அதிகம். இதெல்லாம் தெரிந்தும், உலகப் புகழ் பெற்ற அருவியில் தண்ணீர் இருக்காது என்று மனம் நினைக்கவில்லை.

அருவியின் முழு அகலம் 1,708 மீட்டர், உயரம் 108 மீட்டர். அதில் ஜாம்பியா பக்கம் இருப்பதைக் கிழக்கு அருவி என்பார்கள். அன்று அங்கே நாங்கள் கண்டது வெயிலில் காய்ந்து கிடந்த கரும்பாறைச் சுவர். அங்கங்கே நூல் பிடித்தாற்போல் நீர். தம்பி ஒன்றும் சொல்லவில்லை, போனைப் பையில் வைத்துவிட்டான். மறுநாள் விசா எடுத்துப் பாலத்தைத் தாண்டி ஜிம்பாப்வே பக்கம் போன பிறகுதான் விழும் தண்ணீரைப் பார்த்தான். ஆற்றுப் படுகை அந்தப் பக்கம் தாழ்வாக இருப்பதால் கோடையிலும் அங்கே நீர் விழுவது நிற்பதில்லை.

திரும்பி வந்ததும் அலுவலகத்தில் உள்ள நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் மேற்கே மோங்கு ஊரைச் சேர்ந்த லோசி இனத்தவர். "எங்கள் சமவெளி நிறைந்த பிறகுதான் உங்கள் அருவிக்குத் தண்ணீர் வரும்" என்றார். விவரமும் சொன்னார். ஜாம்பேசி ஆறு ஜாம்பியாவின் வடமேற்கு மூலையில் கலேனே குன்றுப் பகுதியில் பிறந்து, அங்கோலாவுக்குள் புகுந்து, மறுபடி ஜாம்பியாவுக்கு வருகிறது. வரும் வழியில் பரோட்சே என்ற பரந்த சமவெளி. நவம்பர் முதல் மார்ச் வரை பெய்யும் மழை அந்தச் சமவெளியில் பரவி நின்று மெல்ல மெல்லத்தான் கீழே இறங்கும். வெள்ளம் ஏறும்போது லோசி மன்னரே லியலுயியில் உள்ள அரண்மனையை விட்டுப் பெரிய படகில் ஏறி மேட்டில் இருக்கும் லிமுலுங்காவுக்குக் குடிபெயர்வார். குவோம்போகா என்று அதை விழாவாகவே கொண்டாடுகிறார்கள். அதனால் மழை கொட்டும் ஜனவரியில் அருவி உச்சத்தில் இருக்காது. மழை ஓய்ந்த பிறகு, ஏப்ரலை ஒட்டித்தான் நிரம்பி விழும். அக்டோபர், நவம்பரில் அடிமட்டம். அக்டோபரில் கூடவே நாற்பது டிகிரியைத் தொடும் வெயில் வேறு.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அத்தையின் பயணத்தைத் திட்டமிட்டேன். அத்தை என்றால் என் மாமியார். தென்காசிக்காரர், அறுபத்தெட்டு வயது, குற்றாலச் சாரலில் வளர்ந்தவர். 2025 மார்ச் கடைசியில் எங்களிடம் வந்தார். வந்த முதல் வாரமே, "பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போகாமல் இருந்ததே இல்லை, இந்த வருஷம் இப்படி ஆயிட்டுதே" என்று வருத்தப்பட்டார். காலண்டரைப் பார்த்தேன். ஏப்ரல் 11 வெள்ளி, பங்குனி உத்திரம். அடுத்த நாள் இரவு பௌர்ணமி. 14 திங்கள் சித்திரை ஒன்று. பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில், தண்ணீர் அதிகமாக இருக்கும் மாதங்களில், நிலா வெளிச்சத்தில் அருவிச் சாரலில் வில் தோன்றும். அதைப் பார்ப்பதற்காகவே பூங்காவை இரவிலும் திறந்து வைப்பார்கள். எல்லாம் ஒரே வார இறுதியில் வந்து நின்றது. வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டேன்.

அத்தை நான்கு மணிக்கே எழுந்து குளித்து விளக்கேற்றி, குலதெய்வத்துக்கு ஒரு ரூபாய் நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து வைத்துவிட்டு வந்தார். ஐந்து மணிக்குக் கிளம்பினோம். நான், மனைவி, பதினொரு வயது மகள், அத்தை.

சாலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பயணத்தில் உண்மையான ஆபத்து ஆற்றிலோ காட்டிலோ இல்லை, சாலையில்தான் இருக்கிறது. கஃபூவே பாலத்தைத் தாண்டியதும் நேரே போனால் சிருண்டு எல்லை. வலப்பக்கம் திரும்பும் சாலைதான் லிவிங்ஸ்டனுக்கு. அப்புறம் வழி நேர்தான்: மசபூக்கா, மோன்சே, சோமா, கலோமோ, சிம்பா. மசபூக்காவை நெருங்கும்போது இரண்டு பக்கமும் கரும்புத் தோட்டம், கண்ணுக்கு எட்டிய வரை. அத்தை கண்ணாடியை இறக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். நம்மூர் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் ஓட்டுவதில் குழப்பம் இல்லை. ஆனால் இரு வழிச் சாலை, நடுவில் தடுப்பு இல்லை, செம்பு ஏற்றிய நீளமான லாரிகள், ஓரத்தில் கரி மூட்டை கட்டிய சைக்கிள்கள், மாடுகள். இருட்டிய பிறகு இவை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. சாலையில் மரக்கிளைகள் வரிசையாகப் போட்டிருந்தால் யாரோ குப்பை போட்டிருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். சற்றுத் தள்ளி ஒரு லாரி பழுதாகி நிற்கிறது என்று அர்த்தம். முதல் கிளையைப் பார்த்ததுமே வேகத்தைக் குறைக்க வேண்டும். சூரியன் மறைந்த பின் ஓட்டுவதில்லை என்று வீட்டில் ஒரு சட்டமே வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது.

ஒவ்வொரு ஊர் எல்லையிலும் வேகப் பலகையை மதியுங்கள். போலீஸ் சோதனை பல இடங்களில் உண்டு. லைசென்ஸ், இன்சூரன்ஸ், இரண்டு முக்கோண எச்சரிக்கைப் பலகைகள் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கண்ணாடியை இறக்கி முதலில் வணக்கம் சொல்லுங்கள். இந்த நாட்டில் நலம் விசாரிக்காமல் பேச்சைத் தொடங்குவது மரியாதையில்லை. "முலி ப்வாஞ்சி" என்று அத்தை பின் சீட்டிலிருந்து சொல்ல, காவலர் குனிந்து பார்த்து, "அம்புயா" என்று அழைத்து நலம் கேட்டார். பாட்டி என்று பொருள். அத்தைக்கு அது "அம்புஜம்" என்று காதில் விழுந்திருக்கிறது. அவருடைய அம்மாவின் பெயர் அம்புஜம். அப்புறம் மூன்று நாளும் யார் அவரை அம்புயா என்றாலும் முகம் மலர்ந்துவிடும்.

சோமாவில் நிறுத்தி, வாழையிலைக்குப் பதில் ஃபாயிலில் கட்டிய இட்லியைச் சாப்பிட்டோம். ஏறத்தாழ பாதி வழியைத் தாண்டிய இடம், பெட்ரோல் பங்க்கில் கழிவறையும் உண்டு. பெரியவர்களோடு வருபவர்கள் மசபூக்கா, சோமா என்று இரண்டு நிறுத்தமாவது வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டரைக்கு லிவிங்ஸ்டன்.

நாங்கள் தங்கிய விடுதி ஊருக்குள் இருந்தது. பேரைச் சொல்லப்போவதில்லை. பதிவு செய்யும்போது "கரண்ட் போனாலும் கவலையில்லை" என்றார்கள். போன பிறகுதான் தெரிந்தது, மாற்று ஏற்பாடு என்றால் அறைக்கு ஒரு பல்பு மட்டும். ஃபேன் இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை. கொசுவலையில் இரண்டு இடத்தில் ஓட்டை. மனைவி கைப்பையிலிருந்து ஊசி நூலை எடுத்துத் தைத்துவிட்டாள். இனி எங்கே பதிவு செய்தாலும், கரண்ட் போனால் ஃபேன் ஓடுமா, வலை முழுதாக இருக்கிறதா, தரைத்தளத்தில் அறை கிடைக்குமா என்று மூன்றையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வேன். ஆற்றங்கரையிலேயே விடுதிகள் இருக்கின்றன, அழகானவை, விலையும் அதிகம். அங்கே இரவில் நீர்யானைகள் புல்வெளிக்கு மேய வரும். காவலர் துணையில்லாமல் அறையை விட்டு வெளியே போகக் கூடாது.

கொசு விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். ஏப்ரல் மழைக்காலத்தின் வால்பகுதி, மலேரியா உள்ள பகுதி. புறப்படும் முன்பே மருத்துவரைப் பார்த்து, அத்தையின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளையும் காட்டி, மலேரியா தடுப்பு மாத்திரை எழுதி வாங்கினோம். மாலையானால் முழுக்கைச் சட்டை, சாக்ஸ். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஊருக்குத் திரும்பிய பிறகு வருவது. சில வாரங்கள், ஏன் சில மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் முதல் வார்த்தையாக "ஆப்பிரிக்கா போய் வந்தேன், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள்" என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். சாதாரணக் காய்ச்சல் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்தாகும் வகை இங்கே இருக்கிறது. அத்தையின் பாஸ்போர்ட் உறையில் இதை ஒரு சீட்டில் எழுதியே வைத்தேன்.

மாலை நான்கு மணிக்குப் படகு. அருவிக்கு மேலே ஜாம்பேசி ஒரு ஏரி போல விரிந்து, தீவுகளுக்கு நடுவே சத்தமே இல்லாமல் போகிறது. சற்றுக் கீழே நூறு மீட்டர் விழப்போகிற தண்ணீர் என்று நம்பவே முடியாது. நீர்யானைகள் காது, கண், மூக்கை மட்டும் மேலே வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தன. ஒரு தீவில் யானைக் கூட்டம். அத்தை படகோட்டியிடம் என் மூலமாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கரையில் எங்கேயாவது இறங்கி ஒரு முங்கு போடலாமா?" படகோட்டி சிரிக்கவில்லை. பொறுமையாக, முதலைகள் இருக்கின்றன அம்புயா, இந்த ஆற்றில் யாரும் அப்படி இறங்குவதில்லை என்றார். அத்தை தலையாட்டினார். ஆனால் அவருக்கு மனசு ஆறவில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆற்றைப் பார்த்தால் கால் நனைத்து, மூன்று கை நீரைத் தலையில் தெளித்துக்கொள்ளும் தலைமுறை அது.

பணம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். படகு, பூங்கா, ஹெலிகாப்டர் எல்லாவற்றுக்கும் டாலரில் ஒரு விலை இருக்கும். ஜாம்பியாவில் வேலை அனுமதியோடு குடியிருப்பவர் என்றால், "உள்ளூர் விலை உண்டா?" என்று கேட்க வேண்டும். பல இடங்களில் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். அனுமதி அட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.

சனிக்கிழமை காலை அருவிக்குப் போனோம். ஊரிலிருந்து பத்துப் பதினொரு கிலோமீட்டர். வழியில் யானைகள் சாலையைக் கடக்கும் என்பதால் காலை மாலை நேரங்களில் நடந்து போகக் கூடாது. ஊருக்குள் இருக்கும்போதே தூரத்தில் ஒரு வெண்மேகம் தரையிலிருந்து எழுந்து நின்றது. மோசி-ஓவா-துன்யா, இடி முழங்கும் புகை. 1855 நவம்பரில் டேவிட் லிவிங்ஸ்டன் இதைக் கண்டு தம் அரசியின் பெயரை வைப்பதற்கு முன்பே மக்கள் வைத்திருந்த பெயர். கார் கதவைத் திறந்ததும் அந்த இடி கேட்டது. காதில் கேட்டது என்பதைவிட நெஞ்சுக்கூட்டில் கேட்டது என்பதே சரி.

வாசலில் மழைக்கோட்டு வாடகைக்குத் தருகிறார்கள். வாங்கினோம். பத்து நிமிடத்தில் அது வீண் என்று தெரிந்துவிட்டது. ஏப்ரலில் இங்கே மழை மேலிருந்து மட்டும் பெய்வதில்லை. பள்ளத்தில் விழுந்த நீர் மேலே எகிறி, காற்றோடு பக்கவாட்டில் வந்து, தரையில் ஓடையாக ஓடுகிறது. குறுகிய நடைப்பாலத்தில் நின்றபோது எதிரே வெள்ளைச் சுவர் ஒன்றைத் தவிர எதுவுமே தெரியவில்லை. மகள் கத்திக் கேட்டாள்: "அப்பா, அருவி எங்கே?" அக்டோபரில் பாறை தெரிந்தது, தண்ணீர் இல்லை. ஏப்ரலில் தண்ணீரே எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. எப்போதாவது காற்று திரும்பும்போது ஒரு திரை விலகுவது போல இரண்டு மூன்று நொடி முழு உயரமும் தெரியும். அடுத்த நொடி மூடிக்கொள்ளும்.

இங்கே நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அத்தையைப் புடவையோடு, தோல் செருப்போடு அழைத்துப் போனேன். நனைந்த புடவை காலைச் சுற்றிக்கொண்டது, வழுக்கும் படியில் செருப்பு நிற்கவில்லை. என் மனைவி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துத்தான் இறக்கினோம். பெரியவர்களுக்குச் சுடிதார், பின்பட்டை உள்ள ரப்பர் செருப்பு, காரில் ஒரு முழு மாற்று உடை, துண்டு, இவை கட்டாயம். போனுக்கு நீர் புகாத உறை. மூக்குக்கண்ணாடி உதவாது, கழற்றிவிட வேண்டியதுதான். முழங்கால் வலி உள்ளவர்கள் நடைப்பாலம் வரை போக வேண்டும் என்பதே இல்லை. வாசலிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கிழக்கு அருவி விழும் இடத்துக்கு வெகு பக்கத்தில் நிற்கலாம்.

நான் பதறிக்கொண்டிருந்தபோது அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். மழைக்கோட்டின் தொப்பியைத் தானே பின்னால் தள்ளிவிட்டார். நரைமுடி முழுக்க நனைந்து, முகத்தில் நீர் வழிந்தது. ஐந்தருவியில் பெண்கள் பக்கம் நிற்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்களே, அதே போல. கரையில் கிடைக்காத முங்கு அங்கே கிடைத்துவிட்டது. "போதும் அம்மா, சளி பிடிக்கும்" என்று மனைவி சொன்னது போல நானும் சொல்லப் போனேன், சொல்லவில்லை.

ஈரம் பிழிந்து, உடை மாற்றி, புளியோதரைப் பையைத் திறக்கும் நேரத்தில் ஒரு பபூன் குரங்கு அதைத் தூக்கிக்கொண்டு போனது. குற்றாலத்துக் குரங்கைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும், பல்லைக் காட்டினால் பயம் வரும். பையை இழுத்துப் பிடிக்காதீர்கள், விட்டுவிடுங்கள். உணவைக் காருக்குள் வைத்துக் கதவைப் பூட்டிய பிறகுதான் இறங்க வேண்டும், கண்ணாடி ஒரு விரலளவு திறந்திருந்தாலும் போதும் அவற்றுக்கு.

அடுத்து பாலம். 1905இல் கட்டிய இரும்புப் பாலம், ஆற்றுக்கு 128 மீட்டர் மேலே, இரண்டு நாடுகளையும் இணைக்கிறது. அத்தையின் விசா ஒரு முறை நுழைவுக்கானது. ஜிம்பாப்வேக்குள் போய்விட்டால் திரும்பி வர மறுபடி விசா வேண்டும். இங்கே பலருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. பாஸ்போர்ட்டைக் காட்டினால் ஜாம்பியா குடியேற்ற அலுவலகத்தில் பாலம் வரை மட்டும் போய் வர ஒரு சீட்டு தருவார்கள். எந்த நாட்டுக்குள்ளும் நுழைந்ததாகக் கணக்கில்லை. பாலத்தின் நடுவில் நின்று ஒரு பக்கம் சாரல் எழுவதையும், மறுபக்கம் பள்ளத்தாக்கு வளைந்து போவதையும் பார்க்கலாம். இரு நாட்டுக்கும் ஒரே விசாவாகக் காசா விசா என்று ஒன்று இருக்கிறது. யாருக்கு எது பொருந்தும் என்பது அடிக்கடி மாறுவதால் கிளம்பும் வாரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

புளியோதரை போனதால் மதியம் ஊருக்குள் ஒரு சின்னக் கடையில் சாப்பிட்டோம். ஷிமா என்பது வெள்ளைச் சோள மாவில் கிண்டிய களி. பூசணி இலையை நிலக்கடலைப் பொடியோடு வேக வைத்துத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தார்கள். சாப்பிடும் முன் கையில் நீர் ஊற்றினார்கள், கையாலேயே உருட்டிச் சாப்பிட வேண்டும். அத்தை சங்கோஜமே இல்லாமல் சாப்பிட்டார். "கடலை போட்ட கீரைக்கூட்டுதானே, உப்புதான் கொஞ்சம் தூக்கல்." சைவம் சாப்பிடுபவர்கள், கருவாடோ இறைச்சிச் சாறோ கலந்திருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். கபெண்டா என்ற சின்னக் கருவாடு இங்கே எல்லா வீட்டிலும் புழங்குவது.

லிவிங்ஸ்டன் ஒரு காலத்தில் தலைநகரம். 1935இல் லுசாகாவுக்கு மாற்றினார்கள். முக்கியச் சாலையில் தகரக்கூரையும் நீளத் திண்ணையுமாகச் சில பழைய கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் செலவழிக்கலாம். கப்வே சுரங்கத்தில் 1921இல் கிடைத்த ஆதிமனித மண்டையோட்டின் நகல் இருக்கிறது. அசல் லண்டனில். அதைப் படித்தபோது என் மகளின் முகம் சுருங்கியது, எனக்கும் மனசு கஷ்டமாக இருந்தது.

அதைவிட எங்களைப் பிடித்து வைத்தது கைவினைச் சந்தை. மர நீர்யானை, கல் யானை எல்லாவற்றுக்கும் நடுவில், மீன் தலையும் பாம்பு உடலுமாக ஒரு பதக்கம். நியாமிநியாமி, ஜாம்பேசியின் தெய்வம் என்றார் கடைக்காரர். அவர் டோங்கா இனத்தவர். கீழே கரிபாவில் அணை கட்டியபோது 57,000 டோங்கா மக்கள் ஆற்றங்கரை ஊர்களை விட்டு அகற்றப்பட்டார்கள். அணை கட்டும்போதே 1957இலும் 1958இலும் பெருவெள்ளம் வந்து வேலையை அடித்துக்கொண்டு போனது. அணைச் சுவர் நியாமிநியாமியை அவர் மனைவியிடமிருந்து பிரித்துவிட்டது, அந்தக் கோபம்தான் வெள்ளம் என்று மக்கள் நம்புகிறார்கள். நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். பேரம் பேசாமல் அந்தப் பதக்கத்தை வாங்கினார். சந்தையில் பேரம் பேசலாம், சொல்லும் விலையில் பாதியிலிருந்து தொடங்குவது வழக்கம். அன்று யாருக்கும் அது தோன்றவில்லை.

இரவு ஆறு மணிக்கு மறுபடி அருவி வாசல். தனிக் கட்டணம், அதிகக் கூட்டமில்லை. சூரியன் மறைந்ததும் நிலா எழுந்தது. பௌர்ணமி இரவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கும். நிலா தாழ்வாக இருக்கும்போதுதான் வில் உயரமாகத் தெரியும், தலைக்கு மேலே ஏறிவிட்டால் வில் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். அதனால் இரவு முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தைத் தவறவிடக் கூடாது. டார்ச்சை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகக் காத்திருக்க வேண்டும். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் சாரலுக்குள் ஒரு வெள்ளை வளைவு, யாரோ சுண்ணாம்பால் ஒரே இழுப்பில் போட்டது போல. கண்ணுக்கு நிறம் அதிகம் தெரியாது, அந்த வெளிச்சத்துக்கு நம் கண் நிறம் காட்டாது. போனைக் கம்பி மேல் அசையாமல் வைத்து, பத்து நொடி திறந்து வைத்து எடுத்த படத்தில் சிவப்பும் பச்சையும் ஊதாவும் வந்தன. லென்ஸைத் துடைக்க உலர்ந்த துணி வேண்டும், அரை நிமிடத்துக்கு ஒரு முறை சாரல் படியும்.

மகள் படத்தைக் காட்டினாள். அத்தை அதைப் பார்க்கவில்லை, வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் கூப்பியிருந்தன. "நம்மூர்ல இப்ப நடுராத்திரி ஆகப்போகுது, சாஸ்தா கோயில்ல இருந்து எல்லாரும் வீடு வந்து சேர்ந்திருப்பாங்க" என்றார்.

எந்த மாதம் போகலாம் என்று என்னைக் கேட்பவர்களுக்கு இப்போது இப்படிச் சொல்கிறேன். ஒரே ஒரு முறைதான் வாய்ப்பு, அருவியைக் கண்ணால் முழுதாகப் பார்க்க வேண்டும் என்றால் ஜூன், ஜூலை. தண்ணீரும் இருக்கும், திரையும் விலகும், வெயிலும் இருக்காது. காலையில் ஸ்வெட்டர் தேவைப்படும் குளிர். நனைய வேண்டும், நிலா வில்லைப் பார்க்க வேண்டும் என்றால் ஏப்ரல், மே பௌர்ணமி. ஆகஸ்டுக்குப் பிறகு போகும் இளைஞர்களுக்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. அருவி விளிம்பிலேயே உள்ள குளத்தில் வழிகாட்டியோடு இறங்குவதும், கீழே பள்ளத்தாக்கில் ரப்பர் படகு விடுவதும் நீர் இறங்கிய பிறகுதான். அக்டோபர், நவம்பரில் ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் ஜிம்பாப்வே பக்கத்துக்கும் சேர்த்து விசா ஏற்பாடு செய்யாமல் கிளம்பாதீர்கள். இரண்டே நாளில் போட்ஸ்வானாவின் சோபே காட்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று சிலர் திட்டம் போடுவார்கள். ஏழு மணி நேரம் வந்து ஏழு மணி நேரம் திரும்ப வேண்டிய பெரியவர்களுக்கு அது கொடுமை. முடிந்தால் மூன்று இரவு ஒதுக்குங்கள். நாங்கள் இரண்டு இரவில் முடித்துக்கொண்டதில் எனக்கு இன்றும் குறைதான், அத்தைக்கு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க முழங்கால் வீங்கியிருந்தது.

ஞாயிறு காலை ஏழரைக்குக் கிளம்பினோம். பின் கண்ணாடியில் நனைந்த புடவை காய்ந்துகொண்டே வந்தது. மோன்சே தாண்டி ஒரு சாலையோரச் சந்தையில் அத்தை காரை நிறுத்தச் சொன்னார். மறுநாள் சித்திரை விஷு, கனி வைக்க வேண்டும். கொய்யா, வாழைப்பழம், எலுமிச்சை, மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னப் பூசணி. விற்ற அம்மா எதற்கு இத்தனை வகையில் ஒவ்வொன்று என்று கேட்டார். என் மனைவி சொன்னாள், நாளை எங்கள் புது வருடம் என்று. அந்த அம்மா இரண்டு கொய்யாவை எடுத்து அத்தையின் மடியில் போட்டு, காசு வாங்க மறுத்துவிட்டார்.

மாலை நான்கரைக்கு லுசாகா. திங்கள் விடிகாலை அத்தை எங்களைக் கண்ணை மூட வைத்துக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். கண்ணாடி முன்னால் பழங்கள், அரிசி, அவருடைய இரண்டு வளையல்கள், நடுவில் மீன் தலை வைத்த அந்தச் சின்னப் பதக்கம்.